உப்புக்குத் தயாராகுங்கள்: ஆரல் பாலைவனப் பயணம் – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் உஸ்பெகிஸ்தானின் ஆரல் கடல் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. அதைப் படித்துவிட்டுப் பயணத்துக்கே நாள் குறித்துவிட்ட வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கேள்விகளில் பாதிக்கு மேல் மணலையும் வெயிலையும் பற்றியவை. ஆனால் அங்கே பயணியை மடக்குவது மணலைவிட உப்புதான். அது பிறவிப் பாலைவனம் இல்லை, நேற்றுவரை கடலடியாக இருந்த தரை. வண்டி புதைவது, கண் எரிவது, கால் சிக்குவது என்று எல்லாத் தொல்லைக்கும் காரணம் அந்த ஒன்றுதான். பதில்களை அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

நாங்கள் நான்கு நண்பர்கள், ஐம்பதை ஒட்டிய வயது. செப்டம்பர் பள்ளி விடுமுறையோடு சேர்த்து 8 நாள் கிடைக்கும். ஆரல் கடல்வரை போய்வர அது போதுமா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

போதும். தாஷ்கண்டிலிருந்து, உஸ்பெகிஸ்தானின் வடமேற்கில் உள்ள தன்னாட்சிப் பகுதியான கரகல்பக்ஸ்தானின் தலைநகர் நூகுஸுக்கு உள்நாட்டு விமானத்தில் 2 மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரயிலும் உண்டு. ஆனால் ஏறக்குறைய ஒரு முழு நாளை அது விழுங்கிவிடும். எட்டே நாள் இருப்பவர்களுக்குப் போக விமானமும் வர விமானமும்தான் சரி.

நூகுஸில் முதல் இரவு தங்குங்கள். 1966இல் இகோர் சவிட்ஸ்கி தொடங்கிய ஓவிய அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. சோவியத் ஆட்சி ஒதுக்கித் தள்ளிய ஓவியங்களை அவர் தலைநகரத்துக் கண்களுக்கு எட்டாத இந்த ஊரில் சேர்த்துவைத்தார். அரை நாள் ஒதுக்கினால் வீண் போகாது.

அங்கிருந்து ஆரலுக்குப் பெரும்பாலும் இரண்டு பகல், ஓர் இரவுப் பயணமாகத்தான் விற்பார்கள். மூன்று பகல், இரண்டு இரவாகக் கேட்டு வாங்குங்கள். ஓர் இரவுப் பயணத்தில் இரண்டு நாளும் பொழுது முழுக்க வண்டியில் குலுங்கிக்கொண்டே போகும். கடலருகே நிற்கக் கிடைப்பது ஒரு மாலையும் ஒரு விடியலும் மட்டுமே. ஐம்பது வயது முதுகு அதற்கு நன்றி சொல்லாது.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதும் முக்கியம். நூகுஸிலிருந்து முதலில் குங்ராட் போய், சுடோச்சியே ஏரி வழியாக உஸ்தியுர்ட் மேட்டுநிலத்தில் ஏறி, மேற்குக் கரையை அடையுங்கள். திரும்பும்போது மேட்டிலிருந்து இறங்கி, காய்ந்த கடலடியின் குறுக்கே ஓட்டி, மொய்னாக் என்ற பழைய துறைமுக ஊரில் முடியுங்கள். மொய்னாக்கிலிருந்து தண்ணீர் இன்று 150 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கடல் இருக்கும் இடத்திலிருந்து கிளம்பி, அது விட்டுப்போன தரையை மணிக்கணக்காகத் தாண்டி, கடைசியில் துருப்பிடித்த படகுகள் நிற்கும் கரைக்கு வரும்போதுதான் எவ்வளவு போயிற்று என்பது உடம்புக்கே புரியும். முதல் நாள் காலையிலேயே படகுகளைப் பார்த்துவிட்டால் அது வெறும் படப்பிடிப்புத் தளம்போலக் கடந்துபோகும்.

கடல் எப்படி வற்றும்? மழை இல்லாமல் போனதாலா?
– பாசிர் ரிஸ், உயர்நிலை 2 மாணவி

மழைக்கு இதில் பெரிய பங்கில்லை. ஆரல் பெயருக்குத்தான் கடல். உண்மையில் அது வெளியே ஓட வழியில்லாத ஏரி. அமு தார்யா, சிர் தார்யா என்ற இரண்டு ஆறுகள் கொண்டுவந்து கொட்டும், வெயில் குடித்துவிடும். வரவும் செலவும் சரியாக இருந்தவரை நீர்மட்டம் பெரிதாக அசையவில்லை. 1960இல் அதன் பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். நம் சிங்கப்பூரைப்போல் 90 மடங்கு. அப்போது உலகின் நான்காவது பெரிய ஏரி அது.

அந்த இரண்டு ஆறுகளையும் சோவியத் அரசு பருத்தி வயல்களுக்கும் நெல் வயல்களுக்கும் திருப்பியது. 1954இல் தொடங்கிய கரகும் கால்வாய் மணலிலேயே வெட்டப்பட்டது. அடியில் சிமெண்டு பூசாததால் வயலுக்குப் போகும் வழியிலேயே ஏராளமான நீர் மண்ணுக்குள் இறங்கியது. வரவு நின்றது. வெயிலின் செலவு மட்டும் நிற்கவில்லை. 1980களின் இறுதியில் கடல் வடக்கு, தெற்கு என்று இரண்டானது. பிறகு தெற்கும் கிழக்கு மேற்காகப் பிரிந்தது. 2014இல் கிழக்குப் பகுதி முற்றிலும் காய்ந்தது. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 1960இல் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் இருந்த உப்பு, தென்மேற்கில் இன்று 100 கிராமைத் தாண்டிவிட்டது. சாதாரணப் பெருங்கடலில் 35 கிராம்தான். உப்பு ஏற ஏற மீன்கள் போயின. இப்போது அங்கே பிடிபடுவது ஆர்ட்டீமியா என்ற பொடி இறால்தான். அதன் முட்டைகள் மீன்பண்ணைத் தீவனத்துக்காக விலை போகின்றன.

மொய்னாக்கின் மீன் பதனிடும் ஆலையை மூட மனமில்லாமல், பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பால்டிக் கடலிலிருந்தெல்லாம் உறைந்த மீனைக் கொண்டுவந்து டப்பாவில் அடைத்தார்கள் என்பதையும் உன் கட்டுரையில் சேர்த்துக்கொள். புள்ளிவிவரத்தைவிட அது கூடுதலாகச் சொல்லும்.

சிங்கப்பூரில் 20 ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன். மலேசியாவில் காட்டுப்பாதை அனுபவமும் உண்டு. அங்கே நான்கு சக்கர இயக்க வண்டியை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டலாமா? வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும்?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

நீங்களே ஓட்ட வேண்டாம். உங்கள் திறமை மேல் சந்தேகமில்லை. அந்தத் தரையைப் படிக்க உள்ளூர்க் கண் வேண்டும். மலேசியச் சேறு பார்த்ததுமே சேறு என்று தெரியும். இங்கே தெரியாது.

கடலடியில் மூன்று வகைத் தரை மாறி மாறி வரும். முதலாவது, சிப்பி ஓடுகள் கலந்த இறுகிய மணல். விரல்நகம் அளவு வெள்ளைச் சிப்பிகள் டயருக்கடியில் நொறுங்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்வரை கவலையில்லை. இரண்டாவது, உப்பிப் பொருமிய பழுப்பு மண். மேலே லேசாகக் காய்ந்திருக்கும், கால் வைத்தால் கணுக்கால்வரை மாவுபோல இறங்கும். வேகத்தைக் குறைத்துச் சீராகப் போனால் தாண்டிவிடலாம். மூன்றாவதுதான் வில்லங்கம்: பளபளவென்று வெள்ளையாக, மேசைபோல் சமமாக இருக்கும் உப்புத் தகடு. தார்ச்சாலையைவிட நல்ல வழி என்று புதியவர்கள் அதில் இறங்குவார்கள். தகட்டின் கனம் சில இடங்களில் தோசைக் கனம்தான். அடியில் கறுப்புச் சேறு, காயவே காயாது. ஏனென்றால் உப்பு காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்கிறது, மேலே மூடியாக இருந்து ஆவியாகவும் விடுவதில்லை. வண்டி உடைத்துக்கொண்டு இறங்கினால் அச்சுவரை போகும். இழுக்க வரும் இரண்டாவது வண்டியும் கெட்டித் தரையில் நின்றால்தான் இழுக்க முடியும். அதனால் நீளமான இழுகயிறு வேண்டும், 20 மீட்டருக்குக் குறையக் கூடாது.

இன்னொன்று, பழைய சக்கரத் தடம் இருக்கிறதே என்று நம்பிப் போகக் கூடாது. அது போன கோடையில் போன வண்டியின் தடமாக இருக்கும். ஒரு மழை பெய்திருந்தால் கணக்கு மாறிவிடும். மழை பெய்த மறுநாள் கடலடியிலும் சரி, மேட்டுநிலத்தின் களிமண் பாதையிலும் சரி, நல்ல ஓட்டுநர் கிளம்ப மாட்டார். "காசு கொடுத்தாயிற்று, கிளம்புங்கள்" என்று அவரை நெருக்காதீர்கள்.

ஏற்பாட்டாளரிடம் கிளம்பும் முன்பே கேட்டுச் சரிபார்க்க வேண்டியவை: இரண்டு வண்டிகள் சேர்ந்து போவது நல்லது. ஒரே வண்டி என்றால் அவர்களிடம் செயற்கைக்கோள் தொலைபேசி கட்டாயம் இருக்க வேண்டும், ஏனெனில் மொய்னாக்கைத் தாண்டினால் கைப்பேசிக்கு அலை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். இரண்டு மாற்று டயர், காற்றடிக்கும் பம்பு, மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் போடும் தகடுகள் இரண்டு. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு சாண் அகலம், இரண்டு விரல் கனத்தில் பலகைத் துண்டு. இந்தப் பலகையைத்தான் எல்லாரும் மறப்பார்கள். அது இல்லாவிட்டால் ஜாக்கி வண்டியைத் தூக்காது, தானே மண்ணுக்குள் இறங்கும். எரிபொருளைக் கணக்கிடும்போது மணலில் ஒன்றரை மடங்கு செலவாகும் என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் 40 லிட்டர் கேனில் இருக்கட்டும். உஸ்பெகிஸ்தானில் ஏராளமான கார்கள் மீத்தேன் வாயுவில் ஓடுகின்றன. அதனால் ஒதுக்குப்புறப் பம்புகளில் பெட்ரோலோ டீசலோ கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. நூகுஸிலோ குங்ராட்டிலோ நிரப்பிவிட வேண்டும்.

டயர் காற்று: நம் ஊரில் 220 முதல் 240 கிலோபாஸ்கல் அடித்து ஓட்டுவோம். பொருமிய மண்ணுக்கும் மணலுக்கும் அதை 120, 130 அளவுக்கு இறக்க வேண்டும். டயர் தட்டையாகி நீளவாக்கில் பதியும், பாரம் பரவும். 100க்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் விளிம்பிலிருந்து கழன்றுகொள்ளும். இறக்கிய காற்றோடு மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். தார்ச்சாலை ஏறும் முன் திரும்ப அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். ஓட்டுநர் இதைச் செய்கிறாரா என்று பாருங்கள். இறங்கிக் காற்றை அளக்காத ஓட்டுநர் மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் இருப்பார்.

என் மகனுக்கு லேசான ஆஸ்துமா. உப்புப் புயல் என்று படித்தேன். கூட்டிப் போகலாமா? வீட்டில் புகைமூட்டக் காலத்து முகக்கவசங்கள் இருக்கின்றன.
– பொங்கோல், ஒரு தாய்

மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். கேட்கும்போது வெறுமனே "பாலைவனப் பயணம்" என்று சொல்லாதீர்கள். "உப்பும் பழைய பூச்சிமருந்து எச்சமும் கலந்த தூசி" என்று சொல்லுங்கள். பருத்தி வயல்களில் டிடிடி உட்பட என்னென்ன தெளித்தார்களோ அவற்றில் ஒரு பங்கு வாய்க்கால் வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போய், அடியில் படிந்தது. இன்று காற்று அதைத்தான் கிளப்புகிறது. 1975இலேயே இந்தத் தூசிப் படலங்கள் விண்வெளியிலிருந்து தெரிந்தன. இரண்டு மூன்று நாள் பயணத்தில் ஆரோக்கியமானவருக்குப் பெரிய தீங்கு நேராது. அங்கேயே பிறந்து வளரும் குழந்தைகளின் கதை வேறு. மூச்சுக்குழல் சுருங்கும் உடம்புக்கு ஒரு மணி நேரப் புயலே போதும்.

மருத்துவர் சரியென்றால், இன்ஹேலர் இரண்டு, அதில் பொருத்தும் ஸ்பேசர் குழலோடு. ஒன்று மகனிடம், ஒன்று உங்களிடம். எதுவும் பெரிய பெட்டிக்குள் வேண்டாம். என்95 முகக்கவசம் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு. 2013 ஜூனில் இங்கே காற்று மாசுக் குறியீடான பிஎஸ்ஐ 401ஐத் தொட்டபோது வாங்கி வைத்தவையாக இருந்தால் போட்டுவிடுங்கள். ரப்பர் பட்டை தளர்ந்து கன்னத்தோடு ஒட்டாது, காற்று இடுக்கு வழியாகத்தான் போகும். குழந்தை முகத்துக்குப் பெரியவர் கவசமும் அப்படித்தான், சிறிய அளவு தேடி வாங்குங்கள். ஈரத்துணி பெருமணலைத் தடுக்கும், நுண்தூசியைத் தடுக்காது.

கண்ணுக்குப் பக்கமும் மூடிய கண்ணாடி. கான்டாக்ட் லென்ஸ் வேண்டவே வேண்டாம், உப்புத்துகள் அதற்கடியில் போனால் கருவிழி கீறும். உப்புநீர்ச் சொட்டுமருந்து நாலைந்து குட்டிக் குழாய்கள் வைத்துக்கொள்ளுங்கள். புயல் வருவது மேற்கிலோ வடக்கிலோ அடிவானம் வெளிறிப் பால்நிறமாவதில் தெரியும். அப்போது வண்டிக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றி, குளிர்சாதனத்தை உட்சுழற்சியில் வைத்து உட்கார்ந்துவிட வேண்டியதுதான். படம் எடுக்க நிற்காதீர்கள்.

சாக்கடல்போல ஆரலிலும் மிதக்கலாமாமே?
– பிடோக் வாசகி

மிதக்கலாம். தண்ணீர்வரை போய்ச் சேருவதுதான் பாடு. கடல் ஒவ்வோர் ஆண்டும் பின்வாங்குவதால், நேற்று நீருக்கடியில் இருந்த களிதான் இன்று கரை. முழங்கால்வரை இழுக்கும். கடலருகே நீங்கள் தங்கும் முகாமின் ஆட்கள் எந்த இடத்தில் இறங்குகிறார்களோ அங்கே மட்டும் இறங்குங்கள், அவர்களோடு சேர்ந்து. நடைக்கோலை முன்னே குத்திப் பாருங்கள். ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் திரும்பிவிடுங்கள். கால் சிக்கினால் மேலே இழுக்க இழுக்க உறிஞ்சும். பின்பக்கமாக உட்கார்ந்து, பாரத்தைப் பரப்பி, காலை முன்னும் பின்னும் ஆட்டி இடம் உண்டாக்கி மெல்ல எடுக்க வேண்டும். வார் வைத்த பழைய செருப்பு போடுங்கள். சிலிப்பர் சேற்றோடு போய்விடும்.

முதல் நாள் சவரம் செய்த தோல், கொசுக்கடியைச் சொறிந்த இடம் எல்லாம் நெருப்பாக எரியும். முகத்தை நனைக்காதீர்கள். 10 நிமிடம் போதும். வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ ஆளுக்கு 5 லிட்டர் தனியாக வண்டியில் இருக்க வேண்டும். குடிநீர்க் கணக்கு (ஆளுக்கு நாளொன்றுக்கு 4, 5 லிட்டர்) வேறு, இது வேறு. கழுவாவிட்டால் 5 நிமிடத்தில் தோலில் வெள்ளைப் பொருக்கு கட்டி, துணி உரச உரசப் புண்ணாகும்.

அம்மாவுக்கு 63 வயது, சுத்த சைவம். முட்டைகூடக் கிடையாது. பட்டினி கிடக்க நேருமா?
– செங்காங் வாசகர்

பட்டினி இல்லை, ஆனால் சமாளிக்க வேண்டும். தந்தூர் அடுப்பில் சுட்ட வட்ட ரொட்டி, தக்காளி, வெள்ளரி, தர்ப்பூசணி, முலாம்பழம், தயிர், கொட்டை வகைகள் எங்கும் கிடைக்கும். முலாம்பழம் செப்டம்பரில் அமிர்தம். சமைத்த உணவில்தான் சிக்கல். புலாவ் ஆட்டுக் கொழுப்பில் வேகும். "இறைச்சி வேண்டாம்" என்றால் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். அவர்கள் ஏமாற்றுவதாக நினைக்காதீர்கள். இறைச்சி என்றால் அவர்களுக்குத் துண்டுதான், கொழுப்பும் சாறும் அந்தக் கணக்கில் வராது. அதனால் ஏற்பாட்டாளரிடம் "இறைச்சிச் சாறும் கொழுப்பும் கூடாது, தனிப் பாத்திரத்தில் எண்ணெயில் சமைக்க வேண்டும்" என்று முன்கூட்டியே எழுதிச் சொல்லுங்கள்.

கூடாரத்தில் கொதிநீருக்கு எப்போதும் பஞ்சமில்லை, தேநீர் குடிக்கிற ஊர் அது. தேக்காவில் கிடைக்கும் உப்புமா மிக்ஸ், கெட்டி அவல், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எடுத்துப் போனால் மூன்று நாள் கவலையில்லை. அவலைக் கொதிநீரில் நனைத்துப் புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் ஆயிற்று. ஊறுகாயைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த வறட்டுக் காற்றில் உதடு ஏற்கெனவே வெடித்திருக்கும்.

கழிவறை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மாவுக்கு அதுதான் பெரிய விஷயம். முகாமில் குழிக் கழிவறைதான், வழியில் அதுவும் இல்லை. முழங்கால் வலி இருந்தால் மடக்கும் கமோடு நாற்காலி ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.

என் பாஸ்போர்ட் சிங்கப்பூர், மனைவி இந்தியக் குடியுரிமையோடு நிரந்தரவாசி. விசா எப்படி? டெல்லி வழியாகப் போனால் மலிவாக இருக்கிறது.
– தெம்பனிஸ் வாசகர்

2018 பிப்ரவரியிலிருந்து சிங்கப்பூரருக்கு உஸ்பெகிஸ்தானில் 30 நாள்வரை விசா தேவையில்லை. உங்கள் மனைவி மின்விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூர் நிரந்தரவாசம் அங்கே சலுகை எதுவும் தராது. பயணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே விண்ணப்பியுங்கள், அரசாங்க இணையத்தளத்தில் மட்டும். கஸகஸ்தானுக்கும் எட்டிப்பார்த்துத் திரும்புவதாக இருந்தால் ஒருமுறை நுழைவு விசா போதாது. நீங்கள் தங்கும் விடுதிகள் உங்களைப் பதிவுசெய்யும், அந்தச் சீட்டுகளைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கடலருகே கூடாரத்தில் கழியும் இரவுகளுக்கு யார் பதிவுசெய்கிறார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்.

டெல்லி வழி என்றால் ஓர் எச்சரிக்கை. செயற்கைக்கோள் தொலைபேசியோ, கையடக்கச் செயற்கைக்கோள் தகவல் கருவியோ கையிலோ பெட்டியிலோ இருக்கவே கூடாது. இந்தியாவில் அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே கைதான பயணிகள் உண்டு. அந்தக் கருவி ஏற்பாட்டாளருடையதாகவே இருக்கட்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலிநிவாரணிகளையும் விட்டுவிட்டுப் போங்கள். உஸ்பெகிஸ்தான் சுங்கத்தில் அவற்றுக்குக் கெடுபிடி அதிகம்.

ட்ரோன் கொண்டுபோகலாமா?
– அங் மோ கியோ வாசகர்

அனுமதி இல்லாமல் கொண்டுபோகாதீர்கள், சுங்கத்தில் பறிபோகும். கிடைத்தாலும் அந்தக் காற்றில் உப்புத்துகள் மோட்டாரை வைத்திருக்காது.

ஆரலில் உயிரியல் ஆயுதம் சோதித்த தீவு ஒன்று இருந்ததாமே. அதற்கும் கூட்டிப் போவார்களா?
– ஈசூன் வாசகர்

வோஸ்ரோஷ்தெனியே, அதாவது "மறுபிறப்பு" என்ற பெயருள்ள தீவு. கடல் சுருங்கியதில் 2001 வாக்கில் அது தரையோடு ஒட்டிக்கொண்டது. சோவியத் இராணுவம் அங்கே ஆந்த்ராக்ஸ் உள்ளிட்ட கிருமிகளைத் திறந்தவெளியில் சோதித்தது. 1971இல் வடகரை ஊரான ஆரல்ஸ்கில் 10 பேருக்குப் பெரியம்மை கண்டு, 3 பேர் இறந்தார்கள். அதற்குக் காரணம் இந்தத் தீவின் சோதனை என்று சோவியத் முன்னாள் அதிகாரிகளே பின்னாளில் சொன்னார்கள். ஆந்த்ராக்ஸ் புதைத்த குழிகளை 2002இல் அமெரிக்க, உஸ்பெக் குழுவினர் சுத்தம் செய்தார்கள். ஆனால் ஆந்த்ராக்ஸ் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கக்கூடியவை.

யாராவது கூட்டிப்போகிறேன் என்றாலும் போகாதீர்கள். அங்கே பார்க்க இடிந்த கட்டடங்கள்தான் உண்டு, அதற்காக எடுக்கும் துணிச்சல் இது இல்லை.

மொய்னாக் படகுகளின் மேல் ஏறிப் படம் எடுக்கலாமா? சிறு துண்டு நினைவாக எடுத்துவரலாமா? இப்படி ஊரார் துயரத்தை வேடிக்கை பார்க்கப் போவது சரியா என்றும் ஒரு உறுத்தல்.
– தோ பாயோ வாசகி

ஏறாதீர்கள். தகடு மேலே கெட்டியாகத் தெரியும், உள்ளே பிஸ்கட்போல உதிரும். துருவில் கிழித்துக்கொண்டால் தையல் போட நல்ல மருத்துவமனை நூகுஸில்தான், அது 200 கிலோமீட்டர். டெட்டனஸ் ஊசி 10 ஆண்டுக்கு மேலாகியிருந்தால் கிளம்பும் முன் போட்டுக்கொள்ளுங்கள். துண்டும் வேண்டாம். ஏற்கெனவே பெரும்பாலான படகுகளைப் பழைய இரும்பாக அறுத்து விற்றாகிவிட்டது. மிச்சமிருக்கும் பத்துப் பன்னிரண்டைத்தான் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

உறுத்தல் இருப்பது நல்லது, ஆனால் அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். எப்படிப் போகிறீர்கள் என்பதைப் பாருங்கள். படகுகள் நிற்கும் மேட்டில் அரை மணி நேரம் நின்றுவிட்டு அப்படியே நூகுஸுக்குத் திரும்பும் வண்டிகளால் மொய்னாக்குக்கு ஒரு பைசா பயனில்லை. ஊரில் ஓர் இரவு தங்குங்கள், விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. அங்கேயே சாப்பிடுங்கள், ஊர் அருங்காட்சியகத்துக்குச் சீட்டு வாங்குங்கள். உள்ளூர்க்காரர் ஓட்டும் வண்டியைக் கேளுங்கள். கார்டு எடுபடாத கடைகள் இருக்கும், உஸ்பெக் சொம் ரொக்கமாக வேண்டும். முதியவர்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். அவர்களில் சிலர் அந்தப் படகுகளில் வேலை பார்த்தவர்கள். நன்றி சொல்ல "ரஹ்மெட்" என்றால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

இரவில் விறகு மூட்டிக் குளிர் காயலாமா? எவ்வளவு குளிரும்?
– கிளமெண்டி, நண்பர்கள் குழு

செப்டம்பரில் பகலில் 30 பாகை ஒட்டி இருக்கும், இரவில் 10 வரை இறங்கும். அக்டோபர் கடைசியில் உறைநிலையைத் தொடும். மேட்டுநிலத்தில் காற்றுக்குத் தடுப்பே இல்லை, அதனால் இன்னும் குளிராகத் தோன்றும். கம்பளிக் குல்லாய், காற்று புகாத மேலங்கி, 0 பாகைக்கு ஏற்ற தூங்கும் பை. ஜூலையில் 40ஐத் தாண்டும், அப்போது போக வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களும் சரி, ஆனால் காற்று அதிகம்.

விறகு மட்டும் கூடாது. அங்கே எரிக்கக் கிடைப்பது சாக்சவுல் என்ற இலையற்ற குறுமரம். அதைத்தான் 2018 இறுதியிலிருந்து காய்ந்த கடலடியில் லட்சக்கணக்கான ஹெக்டேரில் விதைத்தும் நட்டும் வருகிறார்கள். கிளைகள் காற்றின் வேகத்தை உடைக்கும், வேர் ஆழத்தில் ஈரம் தேடிப் போய் உப்பு மண்ணைப் பிடித்து வைக்கும். முழங்கால் உயரம்தான் இருக்கும். காய்ந்த சுள்ளிபோலத் தெரிவதும் பெரும்பாலும் உயிரோடு இருப்பதே. நகத்தால் கீறினால் அடியில் பச்சை தெரியும். நட்ட வரிசைகளின் மேல் வண்டியை ஏற்ற வேண்டாம் என்று ஓட்டுநரிடமும் சொல்லுங்கள். சமையலுக்கு எரிவாயு உருளை அவர்களிடமே இருக்கும். குளிருக்குக் கொதிநீர்ப் புட்டியைத் தூங்கும் பைக்குள் காலடியில் போட்டுக்கொண்டால் விடியும்வரை தாங்கும்.

மேட்டின் விளிம்பில் கூடாரம் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தச் செங்குத்துச் சரிவுகளின் அடி அரித்துப்போய் மேல்பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. படம் எடுக்கும்போதும் விளிம்பிலிருந்து ஐந்து எட்டாவது தள்ளியே நில்லுங்கள்.

வடக்கு ஆரலில் மீன் திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்கலாமா?
– புக்கிட் பாத்தோக் தம்பதி

ஒரே பயணத்தில் வேண்டாம். வடக்கு ஆரல் இருப்பது கஸகஸ்தானில். வரைபடத்தில் பக்கம்போலத் தெரியும். நடுவே வழி கிடையாது, வெகுதூரம் சுற்ற வேண்டும். ஆனால் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எங்கள் ஓட்டு வடக்குக்குச் சற்றுச் சாய்கிறது. அங்கே போகிறவர்கள் குறைவு, பார்க்க வேண்டிய செய்தியோ பெரிது.

சிர் தார்யாவின் நீர் தெற்கே வீணாக ஓடாமல் தடுக்க, 1990களில் உள்ளூர் மக்கள் மணலைக் குவித்து அணை கட்டினார்கள். 1999இல் புயலில் அது உடைந்தது. பிறகு உலக வங்கிக் கடனோடு கஸகஸ்தான் 13 கிலோமீட்டர் நீளக் கோக்-ஆரல் அணையைக் கட்டி 2005இல் முடித்தது. எதிர்பார்த்ததைவிட வேகமாக நீர் ஏறியது, உப்பு இறங்கியது, ஆற்றிலிருந்து நன்னீர் மீன்கள் திரும்பின. அதற்கு முன் வலையில் சிக்கியது வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட, உப்புக்குத் தாங்கும் தட்டைமீன் மட்டுமே.

தாஷ்கண்டிலிருந்து வடக்கே போகும் ரயில்பாதையிலேயே ஆரல்ஸ்க் இருக்கிறது. நிலையத்துச் சுவரில் சில்லுக்கல் ஓவியம் ஒன்று உண்டு, தவறவிடாதீர்கள். 1921 பஞ்சத்தில் லெனின் உதவி கேட்டு எழுத, இவ்வூர் மீனவர்கள் 14 ரயில்பெட்டி மீன் அனுப்பியதைச் சொல்வது அது. சிங்கப்பூரருக்கு 30 நாளும், இந்தியக் குடிமக்களுக்கு 14 நாளும் கஸகஸ்தானில் விசா தேவையில்லை. மீன்பிடிக் கிராமங்களுக்குப் போக வண்டிக்கு மட்டும் முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

எந்தக் கரைக்குப் போனாலும் திரும்பியதும் அன்றிரவே பைகளின் ஜிப்பைத் திறந்து வெந்நீரில் நனைத்த பழைய பல்துலக்கியால் ஜிப்பின் பற்களைத் தேயுங்கள். ஜிப் பல்லிடுக்கில் வெள்ளைத் தூளாக உப்பு இருக்கும். கேமரா முக்காலியின் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அந்த உப்பு ஒரு வாரம் கிடந்தால் ஜிப்பும் திருகாணியும் பூத்து இறுகிவிடும்.